மணலில் எழுதிய எழுத்து

ஆரம்ப பாடசாலையொன்றின் கல்வித் தரத்தை எதனைக் கொண்டு அளப்பது? பரீட்சையிலே தேறிய பிள்ளைகளின் தொகையைக் கொண்டா, அன்றிப் பிள்ளை பொருளுணர்ந்து கற்கின்றதா என்பதைக் கொண்டா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. இதன் வரலாற்றில் தமிழர்தம் திண்ணைக்கும், இங்கிலாந்தின் பாராளுமன்றத்துக்கும், இலங்கைக்கும் ஒருங்கே இடமுண்டு.

பண்டைத் திண்ணைப் பள்ளியிலே சிறுவர் மணலிற் கைவிரலால் எழுதி அரிவரி பயின்றனர். பின்னர் ஏட்டிலே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் கற்றனர். முன்னே கற்ற மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆயினும் ஒவ்வொருவன் ஒப்புவிக்கும் பாடத்தையும் உபாத்தியாயர் தம் செவியாற் கேட்டார். விரைந்து கற்பவன் விரைந்து சென்றான்; மெல்லக் கற்பவன் மெல்லச் சென்றான். அம்முறையிற் குறைகளும் பல. பொருள் விளங்குமுன்னே நெட்டுருச் செய்வித்தனர், பிரம்புக்கும் ஓய்வில்லை. சாதி வேற்றுமை பலரைத் திண்ணைக்கு அப்பாலே நிறுத்தியது. பெண்மக்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே.

1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் நிறுவப்பெற்ற படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதசாலைக்கு அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் தலைவரானார். அயலிலிருந்த பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தம் ஆசிரியர்கள் அதனைக் கையாள மனங்கொள்ளாமையால், ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதளவான மாணவனிடம் அரிவரி வகுப்பை ஒப்புவித்தார். ஆசிரியர் செய்யத் தயங்கியதை அச்சிறுவன் செய்து காட்டினான். பெல் தாயகம் மீண்டு, 1797இல் இச்சோதனையை நூலாக வெளியிட்டார். அதுவே 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. 1798இல் இலண்டனிற் பள்ளி தொடங்கிய யோசேப்பு லங்காஸ்ரர் இத்தகைய முறையைக் கைக்கொண்டு, ஓர் ஆசிரியரே ஆயிரம் சிறுவரைக் கற்பிக்கலாம் என உரைத்தார்.

தொழிற்சாலைகள் பெருகிய இங்கிலாந்திலே வறியோர் பிள்ளைகள் எண்ணிறந்தோர், ஆசிரியரோ சிலர், பணமோ அதனினும் சிறிது. ஆதலின் இம்முறை வேகமாகப் பரவிற்று. எழுத்தறியாத பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது என்பதை மறுத்தலாகாது. ஆனால் அங்குச் சென்றது மணலும் சட்டாம்பிள்ளையுமே; ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் கேட்ட உபாத்தியாயரின் செவி அங்குச் செல்லவில்லை.

அடுத்து வந்தது பணக்கணக்கு. 1862இல் றொபேட் லோ என்பார் 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்னும் திட்டத்தை இங்கிலாந்திலே புகுத்தினார். திட்டம் மலிவாக இராவிடிற் பயனுடையதாக இருக்கும், பயனுடையதாக இராவிடில் மலிவாக இருக்கும் என்பது அவர் வாதம். வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். மூன்றிலும் தேறிய பிள்ளைக்கு எட்டுச் சிலிங்; ஒன்றிலே தவறினால் அதில் மூன்றிலொரு பங்கு குறையும். விளைவு யாது? சோதனைக்கு வரும் வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்தனர். புதிய பக்கத்தைக் கொடுத்தால் திகைத்தனர். வித்தியாதரிசியாயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்ணல்ட், இத்திட்டம் கல்வியை இயந்திரமாக்குகின்றதென ஓயாது கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே இங்கிலாந்து அதனைக் கைவிட்டது.

இலங்கையிற் பொதுப் போதனாத் திணைக்களம் 1869இல் நிறுவப்பெற்றது. அதனையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு இதே முறை வந்து சேர்ந்தது. நன்கொடையாற் கிராமங்கள் தோறும் பாடசாலைகள் பெருகின, இது நன்மையே. ஆனால் வித்தியாதரிசி வரும் நாளே ஆண்டின் திருநாளாயிற்று. இதற்கு முன்னரே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களை எளிய உரைநடையிற் படிமுறையாக அமைத்து அச்சிட்டிருந்தார். பிள்ளை வாசிப்பதைப் பிள்ளையே விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் நோக்கம் அவ்வமைப்பிலே புலனாகின்றது. நன்கொடைக் கணக்கில் அவ்விளக்கத்துக்குத் தனி விலை இருக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. திண்ணைக்கு அப்பால் நின்றவரின் பிள்ளைகளுக்கும் வகுப்பறையில் இடங் கிடைத்தது. வறிய சிறுவருட் கெட்டிக்காரரைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புவதற்கென 1940களிற் புலமைப்பரிசிற் பரீட்சையும் எழுந்தது. உதவுவதற்கு எழுந்த அப்பரீட்சை, காலப்போக்கிற் பாடசாலையின் புகழையும் ஆசிரியரின் திறமையையும் அளக்கும் கோலாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை மாலை வகுப்பிலே வினாத்தாள்களை நெட்டுருச் செய்கின்றது. சிலிங் கணக்கு மறைந்தது. அக்கணக்கின் மனம் மறையவில்லை.

பரீட்சை வேண்டாம் என்பது இவ்வரலாற்றின் முடிபன்று. ஒன்றை அளக்கத் தொடங்கியவுடன், அளக்கப்படுவதை மட்டுமே கற்பிக்கும் ஆசை பிறக்கின்றது என்பதே அது காட்டும் உண்மை. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை, முன்பு காணாத ஒரு பக்கத்தை வாசித்துத் தன் சொல்லிலே பொருள் கூறுமாயின், அங்குக் கல்வி நிகழ்ந்துள்ளது. அதனைக் கேட்பதற்கு ஆசிரியருக்குச் செவியும் நேரமும் வேண்டும். அவ்விரண்டையும் அவருக்கு அளிப்பது பெற்றோரும் அரசும் செய்யவேண்டிய கடன்.