வடசென்னையின் தொழில் வளர்ச்சியும் மக்களாட்சியும்

இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வடசென்னை, தமிழ்நாட்டின் பழமையான துறைமுக, தொழிற்சாலை வட்டாரங்களுள் ஒன்றாகும். வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்கு மக்களாட்சி துணையா, தடையா என்பது நெடுங்கால விவாதம். செல்வம் பெருகிய நாடுகளில் மக்களாட்சி நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்று 1959-இல் அமெரிக்க அறிஞர் சீமோர் மார்ட்டின் லிப்செட் எழுதினார். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படுவதில்லை என்று அமர்த்தியா சென் வாதிட்டார். வடசென்னையின் வரலாறு இந்த விவாதத்திற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மக்களைக் கேளாத வளர்ச்சி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, சரக்கும் பயணிகளும் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். 1876-இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது; 1881 புயலில் அது பெரிதும் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது.

இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேடு கரையைக் கடல் அரித்தது. நகரத்தின் வணிகம் பெருகியது. நிலத்தை இழந்த மீனவர்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அன்றைய ஆட்சியில் இல்லை.

வாக்குரிமைக்கு முன் வந்த சங்கம்

1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. முன்னணியில் நின்றார். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே குற்றம்போல ஆன இந்நிலை, 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் பிறக்க ஒரு காரணமாயிற்று.

1920-இல் நடந்த மாகாணத் தேர்தலில் சொத்து, வரி அடிப்படையில் ஒரு சிறுபான்மையினரே வாக்களித்தனர். தொழிலாளருள் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. ஆகவே இப்பகுதியில் மக்களாட்சியின் முதல் பாடம் ஆலை வாயிலில் கற்கப்பட்டது எனலாம்.

வாக்குரிமையும் ஆலைகளும்

1952-இல் வயது வந்த அனைவரும் வாக்களித்தனர். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. வாக்காளர்கள் வேலையும் மின்சாரமும் கேட்டனர். அரசுகள் அவற்றைக் கொடுக்க முயன்றன.

இதே காலத்தில் தென்கொரியாவின் உல்சான், இராணுவ ஆட்சியின் கீழ் 1962 முதல் தொழில் நகரமாக வளர்ந்தது. அதன் வேகம் வடசென்னையில் இல்லை. ஆனால் அங்கும் 1980-களில் ஒன்சான் பகுதி மக்களை நோய் வாட்டி, ஊர்களே இடம்பெயர்ந்தன. 1987-இல் உல்சான் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தின் மூலமே சுதந்திரமான சங்கங்களைப் பெற்றனர். வாக்கில்லாத வேகம் விலையைத் தள்ளிப்போட்டதே தவிர, தவிர்க்கவில்லை.

பெரும்பான்மையின் பயன், சிறுபான்மையின் சுமை

எனினும் வாக்குரிமை மட்டும் எண்ணூரைக் காக்கவில்லை. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் சென்றது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடும் மாசுள்ளவை என அறிவித்த 43 இடங்களுள் மணலியும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர்.

இதற்குக் காரணம் எளிது. தேர்தல் தலைகளை எண்ணுகிறது. பயன் பெறுவோர் கோடிக்கணக்கில் இருக்க, சுமையைத் தாங்கும் மீனவக் குப்பங்களில் சில ஆயிரம் வாக்குகளே உள்ளன. இச்சிறுபான்மைக்கு வேறு வாயில்கள் தேவை. 1997 முதல் கட்டாயமான பொது விசாரணை, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தகவல் அறியும் உரிமை, பத்திரிகை ஆகியவை அத்தகையன. இவற்றைக் கொண்டே எண்ணூர் மீனவர்கள் சாம்பல் மாசு குறித்து வழக்காடினர்.

மக்களாட்சி வளர்ச்சியைத் தடுத்ததாக வடசென்னை வரலாறு காட்டவில்லை. வளர்ச்சியின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வியை எழுப்ப அது இடம் தந்தது. அந்தக் கேள்விக்கு ஆலை கட்டப்படும் முன்பே விடை கிடைக்கிறதா, ஆற்றில் சாம்பல் படிந்த பின்பு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே இங்கு மக்களாட்சியின் தரம் அமைகிறது.