ஓசூர் எல்லைப் பகுதியில் வேனிலும் காலக் கணக்கும்

தொல்காப்பியர் வேனில் எனப் பொதுப்படக் கூறியதை உரையாசிரியர் இளவேனில், முதுவேனில் எனப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது உரையாசிரியர் கொள்கை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் ஓசூர், கிருட்டினகிரிப் பகுதியில் இவ்வேனிலை ஒட்டிவரும் ஆண்டுப்பிறப்பு இருவகையாகக் கொள்ளப்படுகிறது.

தமிழர் ஞாயிறு மேட இராசியிற் புகும் நாளைக் கொள்வர். தெலுங்கரும் கன்னடரும் சாந்திரமான முறையால் சைத்திர வளர்பிறை முதல்நாளை யுகாதி என்பர். 2024-இல் யுகாதி ஏப்பிரல் 9, சித்திரைப் பிறப்பு ஏப்பிரல் 14. 2025-இல் முறையே மார்ச்சு 30, ஏப்பிரல் 14. ஆயினும் அவ்வாண்டுகளை இருசாராரும் குரோதி, விசுவாவசு என ஒரே பெயரால் வழங்கினர். இருவிழாவிலும் வேம்பும் வெல்லமும் உணவிற் சேரும். இன்பதுன்பங்களை ஒப்ப ஏற்றல் வேண்டும் என்பதே அதன் குறிப்பு.

வெயிலையும் மழையையும் கணிக்குமிடத்து நாள் வேறுபாடும் மறைகிறது. ஞாயிறு பரணியின் பிற்பகுதி தொட்டு உரோகிணியின் முற்பகுதிவரை நிற்கும் காலத்தைத் தமிழர் அக்கினி நட்சத்திரம் என்பர். இடைப்பட்ட கார்த்திகை மீனுக்கு அதிதேவதை தீக்கடவுளே. திங்களைக் கொண்டு யுகாதியை வரையறுக்கும் தெலுங்கரும் கடுங்கோடையை ‘ரோகிணி கார்த்தெ’ என ஞாயிறு நிற்கும் நாண்மீனாற் குறிப்பர். கன்னட உழவர் மழைக்கும் அவ்வாறே பெயரிடுவர்.

எனவே, விழா நாளொன்றையே சான்றாக்கி இப்பகுதி மக்களின் காலக் கணக்கை மொழிவாரியாகப் பிரித்தல் பொருந்தாது. சடங்கு திங்களைப் பற்றி நிற்பினும் உழவு ஞாயிற்றையே பற்றி நிற்கிறது. ஈண்டு ஆண்டுப்பிறப்பு இரண்டு; வேனில் ஒன்றே என்பது பெறப்படும்.