சிங்கம் இல்லாத ஊரில் சிங்க முகம்

நவரை அறுப்பு முடிஞ்சு களத்துல நெல் காயுது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற என் தம்பி மகன் செல்போனை நீட்டினான். "பெரியப்பா, இதைப் பாருங்க. ஜப்பான் கோயில் திருவிழா."

மரத்துல செஞ்ச சிவப்புச் சிங்கத் தலை. பின்னால துணிக்குள்ள ரெண்டு பேர். குழலுக்கும் மேளத்துக்கும் ஆடிக்கிட்டே வந்து ஒரு குழந்தையோட தலையைக் கடிக்குது. குழந்தை அலறுது, அம்மா சிரிக்கிறாங்க. கடிச்சா பீடை விலகும்னு நம்பிக்கை. இந்த ஆட்டத்துக்கு ‘ஷிஷிமாய்’னு பேர்.

ஜப்பான் காட்டுல சிங்கமே கிடையாது. 612-ல் கொரியாவின் பெக்சே நாட்டுக் கலைஞர் ஒருவர் அங்கே ‘கிகாகு’ என்ற முகமூடிக் கூத்தைக் கற்றுக்கொடுத்தார். அதில் சிங்கமும் உண்டு. 752-ல் நாரா நகரத்துப் பெரிய புத்தருக்குக் கண் திறந்த விழாவிலும் அந்தக் கூத்து நடந்தது. கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி!

நம்ம தமிழ்நாட்டுக் காட்டுலயும் சிங்கம் இல்லை. ஆனா தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல ஒரு சிங்க முகம் இருக்கு. நரசிம்மர் முகம். அச்சுதப்ப நாயக்கர் தானமாக் கொடுத்த ஊர் அது. வெங்கடராம சாஸ்திரி எழுதின பிரகலாத சரித்திரத்தை நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ராத்திரியெல்லாம் ஆடுவாங்க. வசனமும் பாட்டும் தெலுங்கு. ஆந்திர எல்லையில இருக்கிற எங்க பக்கத்து ஜனங்களுக்கு அது வீட்டுப் பேச்சு! முகத்துக்குப் பூஜை உண்டு. அதைப் போடுறவர் விரதம் இருப்பார். ஆவேசத்துல நிஜமாவே இரணியன் மேல பாஞ்சிடாம நாலு பேர் அவரைப் பிடிச்சுக்குவாங்க.

எங்க ஊர்லயும் இரணியன் கூத்து நடந்தது. நரசிம்மர் வர்றதுக்குள்ள நாங்க தூங்கிடுவோம், தாத்தா தட்டி எழுப்புவார். இப்போ கூத்து நின்னு பல வருஷம் ஆச்சு. ஆடினவங்க பிள்ளைங்க நைட் ஷிப்ட்ல இருக்காங்க.

கம்பெனி வந்ததாலதான் போச்சுன்னு நானும் சொல்லிக்கிட்டிருந்தேன். யோசிச்சா அது முழு உண்மை இல்லை. மெலட்டூர்ல ஆடுறவங்கள்ல பலர் வெளியூர்ல வேலை பார்க்கிறவங்கதான். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்து வேஷம் கட்டுறாங்க. ஜப்பான் கிராமங்களிலும் ஆள் குறைஞ்சு போச்சு. பல ஊர்ல பெண்களையும் வெளியூர்க்காரங்களையும் சேர்த்துக்கிட்டு ஆட்டத்தைக் காப்பாத்துறாங்க.

"நம்ம முகம் இப்போ எங்கே பெரியப்பா?"ன்னு கேட்டான். பஜனைக் கோயில் பரண்ல இருந்து இறக்கினோம். ஒரு காதைக் கரையான் அரிச்சிருக்கு. காதை ஒட்ட வெச்சிடலாம். பாட்டு? அது முழுசாத் தெரிஞ்ச கூத்து வாத்தியாருக்கு எண்பது வயசு. ஞாயித்துக்கிழமைதோறும் தம்பி மகன் அவர் திண்ணையில போய் உட்கார்றான்.

அவன் ஒருத்தன் போதாது. நரசிம்மரைப் பிடிச்சுக்கவாவது நாலு பேர் வேணும். பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்க உங்க ஊர்ப் பரணையும் ஒருதரம் ஏறிப் பாருங்க.