கரையான் அரித்த சட்டம்

1938 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீடு வாங்கினார். விற்றது ஒரு சேமிப்பு வங்கி. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டைக் கரையான் அரித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. விற்கும்போதே வங்கிக்கு இது தெரியும் என்று வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் 1942-இல் அதைத் தள்ளுபடி செய்தது.

வங்கி பொய் சொல்லவில்லை, எதையும் மூடி மறைக்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள். விற்பவர் எல்லாக் குறையையும் சொல்லியாக வேண்டும் என்றால், வாங்குபவரும் தன் கண்ணில் பட்ட நிறைகளை எல்லாம் விற்பவரிடம் சொல்லியாக வேண்டுமே என்று வாதத்தை நீட்டினார்கள். வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலச் சட்ட மரபு அங்கே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. ஆனால் கரையான் மரத்தின் மேற்பரப்பை விட்டுவிட்டு உள்ளே தின்னும் பூச்சி. அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்காதது வாங்கியவரின் குற்றம் என்பது கொடுமையான தீர்ப்புத்தான்.

மரபில் விரிசல் விழுந்ததற்கும் கரையானே காரணம். வாஷிங்டன் மாநிலத்தில், கரையானுக்கு அரைகுறையாக மருந்தடித்துவிட்டு அதைச் சொல்லாமல் ஒரு குடியிருப்பை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கேட்காவிட்டாலும், எளிதில் புலப்படாத ஆபத்தை விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று 1960-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, வாங்குபவர் சார்பில் கூரை ஏறிப் பார்க்கவும், அடித்தளத்துக்குள் ஊர்ந்து பார்க்கவும் கூலிக்கு ஆள் அமர்த்துவது ஒரு தொழிலாக வளர்ந்தது. அவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1976-இல் தோன்றியது. கூரை, அஸ்திவாரம், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் என்று வரிசையாகப் பார்த்து அறிக்கை எழுதித் தருவார்கள். சுவரை உடைத்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கறை, விரிசல், சாய்வு போன்ற வெளி அடையாளங்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணிப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

அதே 1976-இல் கலிபோர்னியாவின் டையாப்ளோ என்ற ஊரில் ஒரு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு 1,70,000 டாலருக்குக் கைமாறியது. சிறிது காலத்திலேயே நிலம் சரிந்தது. சரியாக இறுக்காமல் கொட்டிய மண்ணின் மேல்தான் இடத்தின் ஒரு பகுதி இருந்தது. அஸ்திவாரம் அமிழ்ந்தது, சுவர்கள் வெடித்தன, கதவு நிலைகள் கோணிக்கொண்டன. சேதமடைந்த வீட்டின் மதிப்பு 20,000 டாலர் வரை இறங்கியது. பழுதுபார்க்க 2,13,000 டாலர் வரை ஆகும் என்றும் ஒரு கணக்கு வந்தது. விற்றவர் காலத்திலேயே சரிவு ஏற்பட்டிருந்தது. சரிவைத் தடுக்க விரித்த வலையும், விருந்தினர் வீட்டின் மேடுபள்ளமான தரையும் தரகர்கள் தரப்பின் பார்வைக்கு வந்திருந்தும், மண்ணைச் சோதிக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற இந்த வழக்கில் 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டை ஒழுங்காகப் பார்த்து, கண்டதைச் சொல்வது தரகரின் கடமை என்றது. கலிபோர்னியச் சட்டமன்றமும் பிறகு அதைச் சட்டமாக்கியது. தெரிந்ததைச் சொல்லும் கடமை இப்போது பார்க்க வேண்டியதைப் பார்க்கும் கடமையாகவும் விரிந்துவிட்டது. கரையான் வழக்குகளைவிட இது பெரிய பாய்ச்சல்.

அதன்பின் வேகம் கூடியது. 1985-இல் புளோரிடாவின் உச்ச நீதிமன்றமும் ஒழுகும் கூரை வழக்கொன்றில் பழைய மரபைக் கைவிட்டது. 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயப் பெயின்ட் இருப்பது தெரிந்தால் சொல்லியே விற்க வேண்டும் என்று 1992-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசமும் உண்டு.

நியூட்டன் தீர்ப்புக்கு அறுபது ஆண்டுகள் முன்பே இந்தியாவில் இதற்குச் சட்டம் இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது; சொல்லாமல் விடுவதை மோசடி என்றே கொள்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் ஊரில் வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் வக்கீல் கைக்குப் போய் வந்தபிறகே அட்வான்ஸ் கொடுக்கிறோம். உத்திரத்தைத் தட்டிப் பார்க்க ஓர் ஆசாரியையும், ஓதம் ஏறிய சுவரையும் தளத்தையும் பார்க்க ஒரு பொறியாளரையும் அழைத்துப் போகிறவர்கள் குறைவு. பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவர்களையும் அழைத்துப் போங்கள். ஒழுகல், கரையான், விரிசல் பற்றி விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.