எட்டு மணிக்கு ஒலித்த மணி

தமிழில் ‘மணி’ என்னும் சொல் ஒலிக்கும் கருவியையும் குறிக்கும். அக்கருவி அறிவிக்கும் பொழுதையும் குறிக்கும். ‘எட்டு மணி’ என்பது நேரமா, எட்டு மணிகளா என்பதை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும். கைக்கடிகாரம் அரிதாயிருந்த நாளில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு தண்டவாளத் துண்டுதான் மணி. விடியுமுன் அதைத் தட்டினால் பெரட்டுக்குக் கூடவேண்டும். தட்டுபவர் ஒருவர், எப்போது தட்டுவது என்று முடிவு செய்பவர் வேறொருவர்.

பல்கலைக்கழக வளாகங்களில் மணிக்கூண்டு எழுப்பும் வழக்கத்திற்கு மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் சிறந்த சான்று. 1869-இல் தொடங்கி 1878-இல் முடிந்த அக்கோபுரம் 280 அடி உயரமுடையது. பருத்தி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் என்பார் பொருளுதவி செய்து, தம் தாயின் பெயரை அதற்கு இடுவித்தார். அவ்வம்மையார் கண்பார்வை இழந்தவர். சமண நெறிப்படி பொழுது சாயுமுன் உண்ண வேண்டியவர். மாலையில் ஒலிக்கும் மணி அவருக்கு நேரம் உணர்த்திற்று என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆவணத்தில் ஏறியதோ இல்லையோ, ஒரு கோபுரத்தைப் பற்றி மக்கள் இத்தகைய கதையைப் பேணி வந்திருப்பதே நாம் கருதத்தக்கது.

சிங்கப்பூரிலும் இரவுப்பொழுதை அறிவித்த மணி ஒன்று இருந்தது. அதனோடும் ஒரு பெண்ணின் பெயர் பிணைந்துள்ளது. சிராங்கூன் சாலையில் வடக்கு நோக்கி நடந்தால் பாலஸ்டியர் சாலை குறுக்கிடும். அச்சாலைக்குப் பெயர் தந்த ஜோசப் பாலஸ்டியர், சிங்கப்பூரின் முதல் அமெரிக்கத் தூதர். அவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டம் வைத்து நொடித்துப் போனவர். அவர் மனைவி மரியா, அமெரிக்க விடுதலைப் போரில் இரவுக் குதிரைப் பயணத்தால் பெயர்பெற்ற பால் ரிவியரின் மகள். ரிவியர் குடும்பத்தார் பாஸ்டன் நகரில் மணி வார்க்கும் பட்டறை நடத்தினர். அப்பட்டறையில் வார்த்த மணியொன்றை மரியா 1843-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திற்கு வழங்கினார்.

கொடையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. இரவு எட்டு மணி வேட்டு முழங்கியதும், ஐந்து நிமிடம் அம்மணியை அடிக்க வேண்டும் என்பதே அது. கப்பலோட்டிகள் கலத்துக்குத் திரும்புக, ஊரார் இரவில் விழிப்பாயிருக்க என்பது அதன் பொருள். ஊரடங்கு மணி என்று அதனைச் சொல்லலாமாயினும், இன்றைய ஊரடங்கு உத்தரவோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மரியா 1847-இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார். மணி 1874 வரை எட்டு மணிதோறும் ஒலித்தது.

மணி நிலைத்தது, கோபுரம் நிலைக்கவில்லை. கோல்மன் வரைந்த முதல் தேவாலயம் 1836-இல் எழுந்தது. அதன்மேல் தாம்சன் அமைத்த கூர்ங்கோபுரத்தையுடைய அக்கட்டடத்தை 1845-இலும் 1849-இலும் இடி தாக்கியது. 1852-இல் மூடினர், 1855-இல் இடித்தனர். மெக்ஃபர்சன் வரைந்த புதிய தேவாலயம் 1856-இல் தொடங்கி 1861-இல் வழிபாட்டிற்குத் திறந்தது. மணியும் அங்கே சென்றது.

அப்புதிய கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட அவர்கள் சாலை போட்டனர், செங்கல் சுட்டனர், தச்சும் கொத்தும் பயின்றனர். அவர்களின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், பின்னாளில் வெளியிட்ட நூலில் தேவாலயச் சுவரின் பூச்சு வேலையை விரிவாக எழுதியுள்ளார். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பு. முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்த குழம்பு. தேங்காய் மட்டை ஊறிய நீர். இவற்றைக் கலந்து பூசி, உலர்ந்தபின் உருண்டைக் கற்களால் பளபளக்கும் வரை தேய்த்தனர். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் ‘மெட்ராஸ் சுனாம்’. நம் ‘சுண்ணம்’ என்னும் சொல்லே அங்ஙனம் அவர்தம் நாவில் திரிந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு அந்தப் பளபளப்பு புதிதன்று.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘தமிழர் கட்டிய தேவாலயம்’ என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். கைதிகளுள் சென்னை மாகாணத்தவர் மட்டுமல்லர், வங்காளத்தாரும் பம்பாய்ப் பகுதியாரும் இருந்தனர். சொல் நம்முடையது என்பதற்காகக் கைகள் அனைத்தையும் நம்முடையவாக்கிக்கொள்ளுதல் வரலாறாகாது. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தவன்தான்.

அவர்கள் அடைக்கப்பட்டிருந்த சிறை பிராஸ் பாசா சாலையருகே இருந்தது. மணியோசை எட்டாத தொலைவன்று அது. பகலெல்லாம் சுவரைத் தேய்த்தவர்கள் இரவில் அந்த ஐந்து நிமிட ஒலியைக் கேட்டபடி கிடந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன். திரும்பிச் செல்வதற்குக் கலமில்லாதவர்க்கு அம்மணி எதனை உணர்த்தியிருக்கும்? மணியின்மேல் வார்த்தவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் உள்ளன. சுண்ணம் குழைத்தவர்களோ, நாம் படிக்கும் நூல்களில் பெரும்பாலும் ‘கைதிகள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். கைதிகளை இங்கு வைத்திருக்கும் முறை 1873-இல் முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே எட்டு மணி ஒலியும் நின்றது. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நான் முனையவில்லை.

1889-இல் அந்த ஒரு மணியின் இடத்திற்கு இங்கிலாந்திலிருந்து எட்டு மணிகள் வந்து சேர்ந்தன. பழைய மணி 1937-இல் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தை அடைந்தது. இன்று அதன் வழிவந்த தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக உள்ளது. தேவாலயத்தைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கினால் அது அருகிலேயே இருக்கிறது. வழிபாடு நடக்கும் நேரம் தவிர்த்துச் செல்லுதல் நலம்.