பேரனுக்கு ஊசி, பாட்டிக்கு ஆயுள்

தடுப்பூசியை யாருக்குப் போடுகிறோமோ அவருக்குத்தான் பலன். இதில் என்ன சந்தேகம் என்கிறீர்களா? ஜப்பான்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது அவர்களுடைய தாத்தா பாட்டிகள்!

1957. ஆசிய ஃப்ளூ உலகத்தைச் சுற்றி வந்து பத்து லட்சம் பேருக்கு மேல் பலி வாங்கியது. ஜப்பானில் அது பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தது. அந்தக் காலத்து ஜப்பானில் மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சகஜம். குளிர்காலம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, 'கோடாட்சு' என்கிற கணப்பு வைத்த மேஜையைச் சுற்றி, ஒரே போர்வைக்குள் காலை நீட்டி உட்காருவார்கள். கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அமெரிக்கா நேர்வழியில் போனது. 65 வயதைத் தாண்டியவர்கள் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று 1960-ல் சொன்னது. ஜப்பான் யோசித்தது வேறு மாதிரி. பரவுகிற இடம் பள்ளிக்கூடம்தானே? அங்கேயே மறித்துவிடலாம்! 1962-ல் மாணவர்களுக்கு ஊசி ஆரம்பமானது. 1977-ல் கட்டாயமே ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் முணுமுணுப்பு. ஃப்ளூ கிருமி ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்றுகிற ஆசாமி. ஊசி போட்ட பிள்ளைக்கும் சில சமயம் காய்ச்சல் வந்தது. "அப்புறம் எதுக்கு இந்த ஊசி?" என்றார்கள் பெற்றோர். பக்கவிளைவு என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. 1987-ல் இஷ்டப்பட்டால் போதும் என்றானது. 1994-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளின் கணக்கை மட்டும் பார்த்தால் லாபம் கொஞ்சம்தான். ஆனால் உண்மையான வரவு ஏறிக்கொண்டிருந்தது வேறொரு பேரேட்டில். அதைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஃப்ளூவால் சாகிற முதியவரின் சான்றிதழில் பெரும்பாலும் நிமோனியா என்றோ இதயக்கோளாறு என்றோதான் இருக்கும். "வயசாச்சு, போய்ச் சேர்ந்தாங்க" என்று ஊரும் சொல்லிவிடும்.

2001-ல் தாமஸ் ரெய்ச்சர்ட், நோரியோ சுகயா உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஜப்பானின் ஐம்பது வருஷ மரணக் கணக்கை மாதவாரியாக அலசினார்கள். குளிர்காலத்தில் கூடுதலாக விழும் சாவுகள் ஒரு காலத்தில் அமெரிக்காவைப் போல மூன்று, நான்கு மடங்கு இருந்தன. பள்ளி ஊசி வந்ததும் அமெரிக்க அளவுக்கு இறங்கின. ஊசியை நிறுத்தியதும் மறுபடி ஏறின. அவர்கள் மதிப்பீட்டின்படி அந்தத் திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்கள் வரை காப்பாற்றியிருக்கிறது. பெரும்பாலும் வயதானவர்கள். 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர். 420 என்றதும் சிரிக்காதீர்கள். இந்த 420 ஏமாற்றவில்லை!

அதே 2001-ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களை ஃப்ளூ ஊசித் திட்டத்தில் சேர்த்தது. 2008-ல் கனடாவில், ஒதுங்கி வாழும் ஹட்டரைட் சமூகத்தில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், போடாத மற்றவர்களுக்கும் ஃப்ளூ சுமார் 60 சதவிகிதம் குறைந்தது. பிரிட்டன் 2013-லிருந்து பிள்ளைகளுக்கு மூக்கில் பீய்ச்சும் மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தது.

வயதான உடம்பில் தடுப்பூசியின் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். அதனால் அவர்களுக்கும் ஊசி வேண்டும், சுற்றி இருப்பவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சென்னைப் பக்கம் ஃப்ளூ தலைதூக்குவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. அதற்கு முன்னாலேயே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பாட்டிக்கு ஸ்வெட்டர் வாங்கித் தருகிறோம், கஷாயம் வைத்துத் தருகிறோம். இருமிக்கொண்டே பேரன் அவள் மடியில் போய் உட்காருவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.