தமிழ்த் திரை இதழ்களின் வடிவமைப்பும் வாசகர்களும்

தமிழ்த் திரை இதழ்கள் என்பவை திரைப்படச் செய்திகள், நடிகர்களின் படங்கள், விமர்சனங்கள், கேள்வி பதில்கள் ஆகியவற்றை வெளியிட்ட வார, மாத இதழ்கள். 1930-களில் பேசும் படம் தமிழில் வேரூன்றியபோதே இவையும் தோன்றின. எல்லாத் திரை இதழ்களும் ஒரே நடிகர்களைப் பற்றித்தான் எழுதின. ஆயினும் தாளின் தரம், அட்டைப்படம், எழுத்தின் அளவு, பக்க அமைப்பு, விலை ஆகியவற்றால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாசகர் கூட்டத்தைத் தேடிக்கொண்டது. இந்த வடிவமைப்பு வேறுபாடுகள் எந்த இதழ் இன்று எஞ்சியிருக்கிறது என்பதையும் ஓரளவு தீர்மானித்துள்ளன.

பாட்டுப் புத்தகமும் முதல் இதழ்களும்

திரை இதழுக்கு முன்னோடி பாட்டுப் புத்தகம். திரையரங்க வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட இச்சிறு நூலின் அட்டையில் படத்தின் ஒரு காட்சி இருக்கும். உள்ளே நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாடல்கள் இடம்பெறும். முடிவைச் சொல்லாமல், மீதியைத் திரையில் காணுமாறு கதைச்சுருக்கம் முடியும். படம் பார்க்க வருபவரே இதன் வாசகர் என்பதால் மலிவான தாளும் நெருக்கமான அச்சும் போதுமானவையாக இருந்தன.

1935-இல் பி. எஸ். செட்டியார் நடத்திய 'சினிமா உலகம்' தமிழின் தொடக்ககாலத் திரை இதழ்களுள் முக்கியமானது. அதே ஆண்டில் பம்பாயில் பாபுராவ் படேல் 'பிலிம் இந்தியா' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1911-இலேயே 'ஃபோட்டோபிளே' வெளிவந்துவிட்டது. நடிகரின் முகத்தை அட்டையில் பெரிதாகப் போட்டு விற்கும் முறை இவ்வாறு உலகெங்கும் பரவியிருந்தது.

அச்சு நுட்பத்தின் எல்லை

அக்காலத்தில் எழுத்துகள் ஈய அச்சுகளாகக் கையால் கோக்கப்பட்டன. புகைப்படங்களை அச்சிட உலோக 'பிளாக்' செய்ய வேண்டும். புகைப்படத்தின் கருமையும் வெளுப்பும் சிறிய, பெரிய புள்ளிகளாக மாற்றப்பட்டு பிளாக்கில் பதிக்கப்படும். சொரசொரப்பான செய்தித்தாளில் மை பரவுவதால் புள்ளிகள் பெரிதாக இருக்க வேண்டும்; முகம் தெளிவாக வராது. வழவழப்பான ஆர்ட் தாளில் நுண்ணிய புள்ளிகள் பதியும். கண், நகை, புடவைக் கரை எல்லாம் துலங்கும். ஆனால் ஆர்ட் தாளின் விலை அதிகம். எனவே, 'எழுத்தை விற்பதா, படத்தை விற்பதா' என்ற கேள்விக்கு ஒவ்வொரு இதழும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

'பேசும் படம்' படத்தைத் தேர்ந்தெடுத்தது. டி. வி. ராமநாத் 1940-களின் தொடக்கத்தில் தொடங்கிய இம்மாத இதழ், நடிகர் நடிகையரின் புகைப்படங்களுக்குப் பெரிய இடம் ஒதுக்கியது. படங்களைப் பார்க்க எழுத்தறிவு தேவையில்லை என்பதால், ஒரு பிரதி வீட்டிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பலர் கைக்குச் சென்றது.

பி. ஆர். எஸ். கோபால் நடத்திய 'குண்டூசி' எழுத்தைத் தேர்ந்தெடுத்தது. பெயரே அதன் போக்கைச் சொல்லிவிடும்: குத்திக் காட்டும் விமர்சனமும் கேள்வி பதிலும் அதன் பலம். ஆசிரியரே 'குண்டூசி' கோபால் என்று அறியப்படும் அளவுக்கு இதழின் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. கேள்வி பதில் பகுதி வடிவமைப்பு உத்தியும் ஆகும். கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் அச்சில் வருவதால், சிற்றூர் வாசகரும் இதழில் இடம்பெற முடிந்தது.

மஞ்சள் இதழ்

வம்புச் செய்தியை நம்பிய இதழ்களுக்கு நல்ல தாளோ தெளிவான படமோ தேவைப்படவில்லை. சி. என். லட்சுமிகாந்தன் 1943-இல் 'சினிமா தூது' இதழைத் தொடங்கி, நடிகர்களின் அந்தரங்கத்தைப் பற்றி எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதழ் நடத்த அரசின் அனுமதி தேவைப்பட்டது. அந்த அனுமதி நீக்கப்பட்டபின் 'இந்து நேசன்' இதழில் அவர் அதையே தொடர்ந்தார். 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டிக்கப்பட்டு, 1947-இல் விடுதலையாயினர்.

இத்தகைய இதழ்களை 'மஞ்சள் பத்திரிகை' என்பது தாளின் நிறத்தால் வந்த பெயர் அன்று. 1890-களில் நியூயார்க் நாளேடுகள் பரபரப்புச் செய்திகளுக்குப் போட்டியிட்டபோது, அவற்றில் வந்த மஞ்சள் உடைச் சிறுவனின் படக்கதையிலிருந்து அப்பெயர் பிறந்தது.

குடும்ப வாசகரும் வண்ணமும்

1966-இல் தொடங்கப்பட்ட 'பொம்மை', திரை இதழை வீட்டுக்குள் கொண்டுசெல்ல முயன்றது. விஜயா வாகினி ஸ்டூடியோவின் நாகி ரெட்டி குழுமம் இதை வெளியிட்டது. 1947 முதல் 'சந்தமாமா' சிறுவர் இதழை வண்ணப் படங்களுடன் வெளியிட்ட அனுபவம் அக்குழுமத்துக்கு இருந்தது. தெளிவான வண்ண அட்டை, கண்ணியமான படங்கள், நட்சத்திரங்களின் நேர்காணல்கள் ஆகியவை 'பொம்மை'யின் அடையாளங்கள். எம். ஜி. ஆரை ஜெயலலிதா பேட்டி கண்ட பகுதி இவ்விதழில் வந்தது. திரை இதழைப் பெண்கள் வெளிப்படையாகப் படிக்கலாம் என்ற நிலை உருவாக இத்தகைய தோற்றமும் உதவியது.

ரசிகர் இதழ்கள் வேறு வழியில் சென்றன. சின்ன அண்ணாமலை நடத்திய 'சிவாஜி ரசிகன்' ஒரே நடிகரை மையமாகக் கொண்டது. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே முகம் இருப்பதும், மன்றச் செய்திகளும் கிளைகளின் பெயர்களும் வருவதும் ரசிகர் இதழ்களின் இயல்பு. தென்னிந்திய நடிகர் சங்கத்தின் 'நடிகன் குரல்' தொழில்துறையின் குரலாக வந்தது.

ஆஃப்செட் அச்சு பரவியபின் வண்ணம் மலிவாயிற்று. எக்ஸ்பிரஸ் குழுமத்தின் 'சினிமா எக்ஸ்பிரஸ்', பின்னர் வந்த 'வண்ணத்திரை' ஆகியவை வண்ணப் பக்கங்களை நம்பின. நடிகையரின் கவர்ச்சிப் படங்களை நடுப்பக்கத்தில் போடுவது இளைஞர்களை ஈர்க்கும் வழக்கமாயிற்று. இதற்கு எதிர்முனையில் 'நிழல்', 'காட்சிப்பிழை' போன்ற இதழ்கள் நீண்ட கட்டுரைகளுக்கு முதலிடம் தந்து, திரைப்படத்தை ஆய்வுக்குரிய கலையாக முன்வைத்தன. அட்டையைப் பார்த்தே இது யாருக்கான இதழ் என்று கடைக்காரரும் வாசகரும் அறிந்துகொண்டனர்.

திருக்கோகர்ணமும் இதழ்ச் சேமிப்பும்

புதுக்கோட்டைக்குத் திரைத்துறையோடும் இதழியலோடும் தொடர்பு உண்டு. நடிகர் பி. யு. சின்னப்பா 1916-இலும் ஜெமினி கணேசன் 1920-இலும் இங்குப் பிறந்தனர். பாரதிதாசன் மரபுக் கவிஞர்களை அறிமுகப்படுத்திய 'பொன்னி' இதழ் 1947-இல் புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தில், குடைவரைக் கோயிலும் அரசு அருங்காட்சியகமும் அமைந்த அதே ஊரில், பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் உள்ளது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும், அரிய முதற்பதிப்புகளும், பழைய இதழ்த் தொகுப்புகளும் இங்குச் சேர்க்கப்பட்டுள்ளன. அண்டைப் பகுதியான கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய தொகுப்பு, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு பாட்டுப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார்.

இச்சேமிப்புகளின் தேவை பெரியது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படச்சுருள் இன்று இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே பெருமளவு எஞ்சியுள்ளது. அழிந்த படங்களின் காட்சி, உடை, அரங்க அமைப்பு ஆகியவற்றை அறிய இதழ்களிலும் பாட்டுப் புத்தகங்களிலும் வந்த படங்களே பெரிதும் துணை. ஆனால் ரசிகர்கள் வெட்டிச் சுவரில் ஒட்டியதும் அந்தப் படப் பக்கங்களைத்தான். நடுப்பக்கப் படம் பிரித்தெடுக்க எளிதாக அமைக்கப்பட்டிருந்ததால், வாசகர் மிகவும் விரும்பிய பக்கமே பழைய பிரதிகளில் காணாமல் போகும் பக்கமாயிற்று. மலிவான தாளில் வந்தவை பழுத்து நொறுங்கின. சாதாரண வாசகருக்காக அச்சான இதழ்களே இவ்வாறு முதலில் அழிகின்றன. தமிழ்த் திரை ரசனையின் வரலாற்றை முழுமையாக எழுத, நல்ல தாளில் வந்த இதழ்களோடு இவற்றையும் காப்பது தேவையாகிறது.